இராணுவ நாவலைச் சொந்தமாக அச்சடிப்பது எப்படி: கோலாலம்பூரில் நான் பட்ட பாடு

என் நாவலின் 500 பிரதிகள் செந்தூல் வீட்டு முன்னறையில் வந்து இறங்கிய அன்று மாலையே, ஒன்றை எடுத்துக்கொண்டு பின்தெரு மாமாவிடம் ஓடினேன். 21 வருஷம் இராணுவத்தின் ரேஞ்சர் படையில் இருந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஏழாவது பக்கத்தில் விரலை வைத்துவிட்டார்.

“ஏம்மா, இவரு பெகாவாய் வாரான். இவரை எவன் சார்ஜன்னு கூப்பிடுவான்? என்சிக்னுதானே கூப்பிடுவோம்?”

பெகாவாய் வாரான் என்றால் சார்ஜனுக்கு மேலே உள்ள பதவி. நான் அவரைச் சார்ஜன் என்றே எழுதியிருந்தேன், 500 பிரதியும் அச்சாகிவிட்டது. இனி என்ன செய்வது?

நாவலின் கதை இதுதான்: இராணுவத்திலிருந்து வெளிவந்து, ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் இரவுக் காவலுக்கு இருக்கிற ஒருவன். யாரையும் அண்டவிடாதவன். 1985இல் எல்லைக் காட்டில் நடந்த ஒன்றைத் தேடி யாரோ வருகிறார்கள். அதே சமயம் காலையில் நாசி லெமாக் விற்கிற ஒரு பெண்மணி அவன் வாழ்க்கைக்குள் வருகிறாள். எழுத இரண்டு வருஷம் ஆனது, அதில் எனக்குப் பெரிய சிரமம் இல்லை. எழுதி முடித்த பிறகு ஒன்பது மாதம் அலைந்தேன். பாதி அலைச்சல், வேலைகளை முன்பின்னாகச் செய்ததால் வந்தது. நீங்கள் கீழே உள்ள வரிசைப்படி போனால் ஐந்து மாதத்தில் முடித்துவிடலாம்.

1. நாயகனுக்கு முதலில் ஒரு படைப்பிரிவு கொடுங்கள்

‘இராணுவ வீரன்’ என்று பொதுவாக எழுதினால் இந்த நாட்டில் வேலைக்காகாது. நம் வாசகர்களில் பலர் வீட்டில் ஒரு சித்தப்பாவோ தாத்தாவோ சேவையில் இருந்திருப்பார். அவர்கள்தான் உங்கள் கண்டிப்பான வாசகர்கள்.

அடிக்கடி நடக்கிற தவறு: தமிழ் நாயகனை அரச மலாய்ப் படையில் சேர்ப்பது. அது மலாய்க்காரர்களுக்கு மட்டுமான படைப்பிரிவு. காலாட்படையில் பல இனத்தவரும் இருப்பது அரச ரேஞ்சர் படையில். ‘அகி இடுப் அகி ஙெலாபான்’ என்ற அவர்களுடைய முழக்கமே சரவாக் பூர்வகுடிகளான இபான்களின் மொழி. உயிர் உள்ளவரை போராடுவோம் என்று பொருள். என் நாயகனின் உயிர்த்தோழன் இபான்காரனாக வந்தது அதனால்தான். ரேஞ்சர் வேண்டாமென்றால் பொறியாளர் படை, சமிக்ஞைப் படை, மருத்துவப் படை என்று இடம் இருக்கிறது.

அடுத்து வருஷக் கணக்கு. சாதாரண வீரனுக்கு ஓய்வூதியம் கிடைக்க 21 வருஷச் சேவை வேண்டும். நான் முதல் வரைவில் 12 வருஷத்தில் வெளிவந்தவனுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் போட்டு, அதை எடுக்க வங்கிக்கும் அனுப்பியிருந்தேன்! கம்யூனிஸ்டுகளோடு நடந்த மோதல் முடிந்து தாய்லாந்தின் ஹாட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது 1989 டிசம்பர் 2. அதற்குப் பிறகு எல்லைக் காட்டில் அவர்களோடு சண்டைக் காட்சி வைக்காதீர்கள். 1982இல் 19 வயதில் சேர்ந்தவன், 2003இல் 40 வயதில் வெளிவருவான். காதல் திரும்பக் கிடைக்கிற கதைக்கு அந்த வயது நன்றாகப் பொருந்தியது.

ஆயுதத்திலும் கவனம் வேண்டும். 1980களில் நம் வீரன் கையில் எம்16 துப்பாக்கி. ஸ்டெயர் வந்தது 1990களில். காட்டுக்குள் ஆளையும் சாமானையும் இறக்குவது நூரி ஹெலிகாப்டர். 1968இலிருந்து பறந்து 2020இல்தான் சேவையிலிருந்து விலக்கப்பட்டது, அதனால் எந்தக் காலத்துக் கதையானாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுவீர்கள்.

அழைப்பு முறையில்தான் நான் மாட்டினேன். அதிகாரியை ‘துவான்’ என்பார்கள். ஸ்டாஃப் சார்ஜன்டை ‘ஸ்டாஃப்’ என்பார்கள். பெகாவாய் வாரானை ‘என்சிக்’ என்பார்கள். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் எனக்கு ஏழாம் பக்க அவமானம் இல்லை.

2. பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் எல்லாவற்றையும் கேட்காதீர்கள்

போர்ட் டிக்சனில் உள்ள இராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். கோலாலம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். துப்பாக்கியின் நீளமும் உடுப்பின் நிறமும் அங்கே கண்ணால் பார்த்தால் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு முன்னாள் வீரர்களைப் பாருங்கள். அவர்களிடம் நோட்டையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு உட்காராதீர்கள்; வாயே திறக்க மாட்டார்கள். “பசியாறிட்டீங்களா மாமா?” என்று ஆரம்பியுங்கள். காட்டில் என்ன சாப்பிட்டீர்கள், மழையில் எப்படித் தூங்கினீர்கள், வீட்டுக் கடிதம் எப்போது வரும் என்று கேளுங்கள். காட்டில் சாப்பிடக் கொடுத்த ரன்சம் உணவு டின்னில் பேச்சைத் தொடங்கினால் தானாக மற்றதற்கு வருவார்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய கொடை ஒரு சின்ன விஷயம். ஜெராங்காப் சாமார், அதாவது மறைத்து வைத்த கண்ணிவெடி. அந்தக் காலத்தில் எல்லைப் பகுதியில் பலர் காலை இழந்தது அதில்தான். மாமாவோடு பூங்காவில் நடக்கும்போது கவனித்தேன்: உதிர்ந்த இலை குவிந்து கிடந்தால் அவர் அதை மிதிக்க மாட்டார், சுற்றிக்கொண்டு சிமெண்டில் போவார். வேலையை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் கேட்டதற்கு, “பழக்கம்மா” என்று மட்டும் சொன்னார். என் நாவலின் சஸ்பென்ஸ் முழுக்க அந்த இலைக்குவியலில் இருந்து வந்ததுதான்.

இப்போது எச்சரிக்கை. 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம் புனைகதை என்பதற்காக உங்களை விட்டுவிடாது. இரகசியத் தகவலை முறையில்லாமல் வெளியிட்டால் குறைந்தது 1 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. முகாமின் உள்ளமைப்பு, ஆள் எண்ணிக்கை, இப்போதைய செயல்முறை, கையில் இருக்கும் பழைய ஆவணத்தின் படம், எதையும் வாங்காதீர்கள். கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முகாம் வேலியைப் படம் எடுக்கவும் போகாதீர்கள். தடைசெய்யப்பட்ட இடங்களுக்கு 1959லேயே தனிச் சட்டம் இருக்கிறது. நான் கதையில் முகாமுக்கே பெயர் வைக்கவில்லை, காட்டுக்கும் வைக்கவில்லை. இதுவரை ஒரு வாசகர்கூடக் கேட்டதில்லை.

நீங்கள் இன்னும் சேவையில் இருப்பவரானால், அல்லது ஆசிரியர், அரசு ஊழியர் என்றால், எழுதத் தொடங்கும்போதே மேலதிகாரியிடம் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கடிதம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கும்.

3. பூட்டிய மனசுக்காரனைப் பேச விடாதீர்கள்

இது எழுத்துப் பாடம் இல்லை, ஒரே ஒரு பொறியைச் சொல்லி நகர்கிறேன். அடைத்துக்கொண்டு வாழ்கிறவன் மூன்றாம் அத்தியாயத்திலேயே தன் கதையை அந்தப் பெண்ணிடம் கொட்டிவிட்டால் சஸ்பென்ஸும் போச்சு, காதலும் போச்சு. என் முதல் வரைவில் அப்படித்தான் நான்கு பக்கம் பேசினான். திருத்தியவர் அந்த நான்கு பக்கத்தையும் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: “இவன் செய்யட்டும்.” இப்போது அந்த இடத்தில், அவள் கடைக்கு முன்னால் மாமரத்து இலை குவிந்து கிடக்கிறது, அவன் விடியற்காலை ஐந்து மணிக்கு விளக்குமாற்றோடு வந்து கூட்டிவிட்டுப் போகிறான். யாருக்கும் காரணம் தெரியாது. வாசகருக்குத் தெரியும்.

இன்னொன்று: வானொலியில் பழைய சினிமாப் பாட்டு ஒலிக்கிறது என்று எழுதுங்கள், தாராளமாக. பாட்டு வரிகளை அப்படியே போடாதீர்கள். அதற்கு உரிமை வேறு ஒருவரிடம் இருக்கும்.

4. திருத்தம், எழுத்துரு, பக்க அமைப்பு

திருத்துவதற்கு ஆள் வையுங்கள். நண்பர் வேண்டாம், காசு வாங்கிக்கொண்டு திட்டுகிற ஆள் வேண்டும். எனக்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, ஆறு வாரம் எடுத்தது. அவர் திருத்திக் கொடுத்த பிறகு, அச்சுக்குப் போவதற்கு முன்னால், ஒரு படியை முன்னாள் வீரர் ஒருவரிடம் கொடுங்கள். நான் இந்த ஒரு வேலையைத்தான் செய்யாமல் விட்டேன்.

எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தால் மாற்றிவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். மாற்றும்போது ஒற்று விட்டுப்போகும், ‘ஸ்ரீ’ காணாமல் போகும்.

பக்க அமைப்பில் பெரிய ஆபத்து இருக்கிறது. இங்கே அச்சகங்களில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். நம் கோப்பை அவர்கள் பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் திறந்து, தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கொம்பு எல்லாம் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கெட்ட செய்தி’ என்பது தலைகீழாகிவிடும். அவர்கள் கண்ணுக்கு அதுவும் தமிழ்தான், இதுவும் தமிழ்தான். ஆகவே தமிழ் தெரிந்த ஒருவரிடம் பக்கம் அமைத்து, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். வோர்ட் கோப்பை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எனக்குப் பக்க அமைப்புக்கு 700 வெள்ளி.

பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக வரும்படி பாருங்கள். தகடு வைத்து மொத்தமாக அடிக்கிற ஆஃப்செட் முறையில், ஒரு பெரிய தாளை மடித்தால் 16 பக்கம், அதுதான் ஒரு மடிப்பு. நான் 243இல் நின்றதை மூன்று பக்கம் இறுக்கி 240க்குக் கொண்டுவந்தேன். இல்லையென்றால் மூன்று பக்கத்துக்காக ஒரு முழு மடிப்புக்குக் காசு போகும்.

5. ஐஎஸ்பிஎன் எண்

ஜாலான் துன் ரசாக்கில் தெங்கோலோக் என்ற மலாய்த் தலைப்பாகை மாதிரிக் கூரை போட்ட நீலக் கட்டடம், அதுதான் தேசிய நூலகம். ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலுக்கும் உள்ள அடையாள எண், அதை அவர்களிடம்தான் வாங்க வேண்டும். நேரில் போகத் தேவையில்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. “நான் வாங்கித் தருகிறேன், 150 கொடுங்கள்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

கையில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: மைகார்டு (அடையாள அட்டை) நகல், தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், பொருளடக்கம், பக்க எண்ணிக்கை, விலை. தலைப்பை ரோமன் எழுத்திலும் கேட்பார்கள். அதை எப்படி எழுதப் போகிறீர்கள் என்று ஒரு முறை முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் அதே மாதிரி எழுதுங்கள். நான் ஒரு படிவத்தில் ஒற்றை ‘a’, இன்னொன்றில் இரட்டை ‘a’ போட்டுவிட்டு இரண்டு மின்னஞ்சல் கூடுதலாக அனுப்பினேன். நூலகங்கள் நூலை வகைப்படுத்த உதவும் நூலட்டவணைத் தகவலும் அங்கேயே கேட்டு வாங்கி உரிமைப் பக்கத்தில் போடுங்கள்.

சொந்தப் பெயரில் வெளியிடலாம். பதிப்பகப் பெயர் வேண்டுமென்றால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் வணிகப் பதிவு செய்ய வேண்டும். வணிகப் பெயருக்கு வருஷத்துக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயருக்கு 30. ஒரே ஒரு நாவலுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

தலைப்பை முடிவு செய்யாமல் விண்ணப்பிக்காதீர்கள். விலையையும்தான்.

6. உரிமைப் பக்கத்தில் ஒரு பொறி

1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி, அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் நூலில் இருக்க வேண்டும். அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். நான் பெருமையாக எல்லாவற்றையும் தமிழில் மட்டும் போட்டிருந்தேன். பக்கம் அமைத்தவர் பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன். தமிழிலும் போடுங்கள், கீழே மலாயிலும் போடுங்கள்.

பதிப்புரிமை எழுதியவுடனே உங்களுக்குச் சேர்ந்துவிடும். இங்கே எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 50 வருஷமும். அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் விருப்பப் பதிவும் உண்டு, சத்தியப் பிரமாணத்தோடு போக வேண்டும். நான் செய்யவில்லை.

7. அட்டை

உடுப்புப் போட்ட ஆளின் படம் வைக்க ஆசையாக இருக்கும். வேண்டாம். இராணுவ உடுப்பை வாடகைக்கு எடுத்து ஒருவருக்கு மாட்டி, பூங்காவில் நிறுத்திப் படம் பிடிப்பது தேவையில்லாத வம்பு. படைச் சின்னத்தையும் போடாதீர்கள். சின்னங்களைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிராக 1963ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஓவியம் போடுங்கள். என் அட்டையில் ஒரு விளக்குமாறும் ஒரு ஜோடி பூட்ஸும் மட்டும். 500 வெள்ளி.

8. அச்சகம்

மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது எல்லாரிடமும் ஒரே விவரம் சொல்லுங்கள்: அளவு, பக்கம், உள்தாள், அட்டைத்தாள், பிரதி எண்ணிக்கை. இல்லையென்றால் ஒப்பிடவே முடியாது. 300க்குக் கீழே என்றால் டிஜிட்டல், 500 தாண்டினால் ஆஃப்செட் லாபம் என்பது நான் கேட்ட மூன்று இடத்திலும் சொன்ன கணக்கு. எனக்கு 500 பிரதிக்கு 4,600 வெள்ளி, அதாவது ஒன்றுக்கு 9 வெள்ளி 20 காசு. பாதி முன்பணம். அச்சகத்துக்கு உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பைண்டு செய்த மாதிரிப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். திரையில் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் மாதிரியைச் சரிபார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்தேன், ஆனால் சாமான் வந்த அன்று எண்ணிப் பார்க்காமல் மீதிக் காசையும் கொடுத்துவிட்டேன். நாற்பது பிரதிகளில் 113 முதல் 128 வரை இரண்டு தடவை வந்திருந்தது. 129இலிருந்து 144 வரை காணோம். நாயகன் அந்தப் பெண்ணிடம் முதன்முதலாக உண்மையைச் சொல்வது 131ஆம் பக்கம்! மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஆறு வாரம் கழித்து 25 வந்தது. மீதிக்கு இன்னும் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே: பெட்டி வந்தவுடன் ஒவ்வொரு பெட்டியிலும் மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பக்க எண்ணைப் புரட்டுங்கள். அரைமணி நேர வேலை. அதுவரைக்கும் லாரிக்காரருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள், மீதிக் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

9. ஐந்து பிரதி

நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இது 1986ஆம் ஆண்டுச் சட்டம், செலவு நம்முடையது. ரசீதை வாங்கி வையுங்கள். அந்த ஐந்தையும் பிரித்துப் பார்த்துக் கொடுங்கள், நாற்பதில் ஒன்று அங்கே போய்விடக் கூடாது.

10. வெளியீட்டு விழா, விற்பனை

நம் ஊரில் நாவல் விற்பது கடையில் இல்லை, விழாவில்தான். ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள தான்ஸ்ரீ சோமா அரங்கம் எல்லாருக்கும் தெரியும். முந்நூறு பேருக்குக் குறைந்தால் காலியாகத் தெரியும் என்று நான் அங்கே போகவில்லை. செந்தூல் பக்கம் ஒரு சின்ன மண்டபம் எடுத்தேன். மண்டபம், ஒலிபெருக்கி, பலகாரம், தேநீர், பொன்னாடை எல்லாம் சேர்த்து 1,900 வெள்ளி.

பிரதி கையில் வராமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன், அச்சு தள்ளிப்போனது, 300 வெள்ளி போனது. அந்தக் காசும் இந்த 1,900இல் அடக்கம். தைப்பூசம், தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம், பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறு, இந்த நாள்களில் யாரும் வர மாட்டார்கள். ஞாயிறு மாலை நான்கு மணி நல்ல நேரம்.

முதல் பிரதி வாங்குகிறவர் உறையில் வைத்துக் கொடுக்கும் பணத்தில்தான் அச்சுச் செலவில் ஒரு பகுதி திரும்பும். இது நம் வழக்கம், கூச்சப்பட வேண்டாம். ஆனால் அவரை இரண்டு மாதம் முன்பே நேரில் போய்ப் பார்த்து அழையுங்கள். வாட்சப்பில் அழைத்தால் வாட்சப்பிலேயே வாழ்த்து வரும். சிறப்புப் பேச்சாளர் ஒருவர் போதும். எனக்கு நான்கு பேர் பேசினார்கள், மூன்று பேர் நாவலைப் படிக்கவில்லை. ஒருவர் நாயகனைக் கடற்படை வீரன் என்றார். முன்வரிசையில் இருந்த மாமா எழுந்தே விட்டார், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

விலை 30 வெள்ளி வைத்தேன். விழாவில் 140 பிரதி போனது. கடைகளில் கொடுத்தால் விலையில் 35 விழுக்காடு அவர்களுக்கு, அதுவும் விற்ற பிறகுதான் காசு. விற்பனைக்குக் கொடுக்கும்போது எத்தனை கொடுத்தோம் என்று கையெழுத்து வாங்குங்கள். நாளிதழ்களுக்கும் மின்னல் எஃப்எம் வானொலிக்கும் ஆளுக்கு இரண்டு பிரதி ஒதுக்குங்கள், விழாவுக்குப் பத்து நாள் முன்பே. தபால், நகல் எடுக்க, வண்டிக்கு எல்லாம் 150 வெள்ளி ஆனது. மொத்தம் 9,050 வெள்ளி. உறையும் விற்பனையும் சேர்த்து இதுவரை 7,000 சொச்சம் திரும்பியிருக்கிறது.

மிச்சப் பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்; நம் ஊர் ஈரத்துக்கு ஆறு மாதத்தில் ஓரம் மஞ்சளாகும், கரையானும் வரும். என் மூன்று பெட்டி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. விற்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஏழாம் பக்கத்தைத் திறந்து ‘சார்ஜன்’ என்பதை அடித்து ‘என்சிக்’ என்று கறுப்பு மையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாரக் கடைசிகளில் மாமாவும் வந்து உட்கார்ந்து எழுதுகிறார். அவர் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.